மாப்பிள்ளையின் தொட்டியில் புழு

முதல் புழுவைப் பூச்சிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தார். வேலைக்குக் கிளம்பி, வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம், கீழ் மூலையில், வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. விரல் நகத்தைவிடச் சின்னது. தட்டையான உடம்பு, அம்பு முனை மாதிரி தலை, அதில் மாறுகண் போட்ட மாதிரி இரண்டு புள்ளி. காலும் இல்லை, துடுப்பும் இல்லை. எந்த அவசரமும் இல்லாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போய்க் கற்களுக்குள் மறைந்துவிட்டது.

பூச்சிக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லைதான். ஆனால் பத்தொன்பது வருஷமாக வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் கரப்பானுக்கும் எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து அடிக்கிற ஆளுக்கு வேறு எந்தப் பெயர் நிலைக்கும்? தெருவுக்கே அவர் பூச்சிக்காரர். அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது. தொழிலில் ஆள் கெட்டிக்காரர். ஒரு சமையலறைக்குள் நுழைந்து மூச்சை இழுத்தாலே, எந்த அலமாரிக்குப் பின்னால் எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்களிடம் முதல் நாளே சொல்கிற வார்த்தை ஒன்று வைத்திருந்தார்: "கண்ணுல ஒண்ணு பட்டுச்சுன்னா, படாம நூறு இருக்குன்னு வெச்சுக்கோங்க." அன்றைக்கு அதை அவரே அவருக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

தொட்டியில் இருந்தது மீன் இல்லை. ஆக்சலாட்டில் என்கிற ஒரு பிராணி. ஒரு சாண் நீளம், வெளிறிய ரோஜா நிறம், நாலு குட்டிக் கால், அகலமான வால். தலையின் இரண்டு பக்கமும் மும்மூன்றாகச் செவுள் வெளியே இறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஆயுசு முழுக்கத் தண்ணீரை விட்டு வெளியே வராது. அந்தத் தண்ணீரும் ஜில்லென்று இருக்க வேண்டும். கண்ணுக்கு இமை கிடையாது. வாய் மட்டும் எப்போதும் சிரித்த மாதிரி இருக்கும். அடித்தாலும் சிரிக்கும், பட்டினி போட்டாலும் சிரிக்கும். எந்த வேலையும் செய்யாமல், வேளாவேளைக்கு மண்புழுவை வாயருகே கொண்டுபோய் நீட்டினால் மட்டும் தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். அதனால் மகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த மாப்பிள்ளையின் பதவி பின்னால் காலியாகிவிட்டதால், அந்தப் பெயருக்குப் போட்டியும் இல்லாமல் போனது.

பதவி போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பூச்சிக்காரர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. அவரிடம் இருந்த ஒரே வியாதி மறைப்பது. ஒரு தடவை மருந்துப் புகை ஏறி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். மனைவியிடம் வெளியூரில் வேலை என்றார். இன்னொரு தடவை பெரிய ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனது. மூன்று மாதம் தினமும் காலையில் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு வீடு திரும்பினார். எல்லாம் மனைவிக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். அந்த அம்மாள் போகும்போது சொன்னது இதுதான்: "பொய் சொல்றதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஒவ்வொரு பொய்யையும் நானே தேடிக் கண்டுபிடிக்கணும்னு வெச்சீங்க பாருங்க, அதான் முடியல."

கோர்ட்டு, வக்கீல் என்று யாரும் போகவில்லை. பேசிப் பிரிந்தார்கள். பன்னிரண்டு வயது மகள் அம்மாவோடு போனாள். மாப்பிள்ளை போக முடியவில்லை, ஏனென்றால் அம்மா பார்த்த வாடகை வீட்டில் பிராணிகள் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தொட்டி பூச்சிக்காரர் வீட்டுக் கூடத்திலேயே நின்றது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வருவாள். தண்ணீரில் பாதியை மாற்றுவாள், தீனி கொடுப்பாள், கணக்குப் பாடம் எழுதுவாள், அப்பாவோடு சாப்பிடுவாள். ஐந்து மணிக்குக் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்கும், இறங்கிப் போய்விடுவாள். அம்மா மாடி ஏறுவதில்லை. ஏற்பாடு செய்தபோதே மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள்: "அந்த ஜந்துவுக்காகத்தான் அனுப்பறேன். அதுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அண்ணன் வந்து கடைக்கு எடுத்துட்டுப் போயிடட்டும். அப்புறம் அவ சனிக்கிழமைக்கு டியூஷன் பாத்துக்கறேன்."

அண்ணன் என்பது மனைவியின் அண்ணன், பூச்சிக்காரருக்கு மச்சான். பத்து நிமிஷ தூரத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளையைக் குட்டியாகக் கொண்டுவந்து மருமகளின் பிறந்தநாளுக்குக் கொடுத்தவரும் அவர்தான். கடையில் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பக்குவம் தெரிந்த கை இருக்கிறது. பூச்சிக்காரர் வீட்டில் இருப்பதெல்லாம் ஃப்ரீசரில் உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிடுகிற தண்ணீர் பாட்டில்கள்தான். மச்சானுக்கு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வாளியோடு வந்து நிற்பார். சரியான காரியத்தைத்தான் செய்வார். அதோடு சனிக்கிழமை ஒழிந்தது.

ஆகவே பூச்சிக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார். தொழில் புத்தி சும்மா விடுமா? இரண்டு வாரத்துக்கு முன்னால், மகள் ஆசைப்பட்டாளே என்று, நீர்ச்செடி ஒன்று வாங்கி நட்டிருந்தார். மச்சான் கடைக்குப் போனால் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கும் என்று கூச்சப்பட்டு, தெருவோரம் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து விற்றவரிடம் வாங்கினார். அலசக்கூட இல்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படி மூட்டையை உதறாமல் உள்ளே வைத்திருந்தால், அவரை நிற்க வைத்து அரைமணி நேரம் திட்டியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் கண்ணாடியை நாலு தடவை துடைத்தார். அந்தப் புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பதையும் கவனித்து வைத்திருந்தார். விளக்கைப் போட்டால் எல்லாம் கல்லுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கின்றன. எனவே ஒன்பது மணிக்கே தொட்டி விளக்கைப் போட்டுவிட்டார்.

மகள் வந்ததும் பையை நாற்காலியில் போட்டுவிட்டு நேரே தொட்டிக்குப் போனாள். குனிந்து பார்த்தாள்.

"லைட்டு ஏன்பா எரியுது? மாப்பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாதுல்ல?"

"பாசி படியுதான்னு பாக்கறேன்." வாய் கூசாமல் வந்தது.

"ஓ," என்றாள். மாப்பிள்ளை விளக்குக்கு முகம் காட்டாமல் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. அவள் இடுக்கியால் மண்புழுவை எடுத்து நீட்டினாள். இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்றாவது தடவைதான் கவ்வியது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைதானே என்று பூச்சிக்காரர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ஐந்து மணி வரைக்கும் அவள் நிறையப் பேசினாள், சிரித்தாள், அவருடைய சாயம் போன சட்டையைக் கிண்டல் செய்தாள். ஸ்கூட்டர் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கீறல்கள்.

அடுத்த வாரம் பிளேடு எடுத்தார். பழைய சவரப் பிளேடைக் குச்சியில் கட்டி, தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் கண்ணாடியைச் சுரண்டினார். புழுக்கள் இரண்டாகவும் மூன்றாகவும் அறுந்து கீழே விழுந்தன. பார்க்கத் திருப்தியாக இருந்தது. திங்கள் சுரண்டினார், செவ்வாய் சுரண்டினார். புதன்கிழமை எண்ணிக்கை கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை மும்மடங்கு. அன்று மதியம் ஒரு வாடிக்கையாளரின் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஜாதிப் புழுவை வெட்டினால் சாகாது. வால் துண்டு தலையை முளைக்க வைத்துக்கொள்ளும், தலைத் துண்டு வாலை முளைக்க வைத்துக்கொள்ளும். நடுத்துண்டு இரண்டையும் முளைக்க வைத்துக்கொள்ளும். ஐந்து நாளாக அவர் செய்தது ஒழிப்பு இல்லை, விவசாயம்.

கொல்வதே தொழிலாகக் கொண்ட மனிதர். வெட்டியும் சாகாத ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. அன்று அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தையும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மகள் தொட்டி முன்னால் நெடுநேரம் நின்றாள். மாப்பிள்ளையின் இடது பக்கச் செவுளில் ஒன்று நுனி கரைந்து, நூல் பிரிந்த துணி மாதிரி தொங்கியது.

"அது ஒண்ணுமில்லம்மா," என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "இதுங்களுக்குத் திரும்ப வளந்துடும். கால் போனாலே வளருது. மாமாகிட்டப் போய்ச் சொல்லிட்டிருக்காதே. சும்மா பதறுவாரு."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்," என்றாள். அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. ஆனால் அவர் அப்போது தப்பித்தோம் என்கிற நிம்மதியில் இருந்தார்.

மூன்றாவது வாரம் பொறி வைத்தார். சின்ன பாட்டிலின் மூடியில் துளை போட்டு, உள்ளே ஒரு துண்டு இறைச்சி வைத்துத் தொட்டியில் இறக்கினார். விடிந்தால் பாட்டிலுக்குள் நாற்பது, ஐம்பது. கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவார். அடுத்த நாள் மறுபடியும் நாற்பது, ஐம்பது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவர் விளக்கைப் போட்டபோது மாப்பிள்ளை அசையாமல் தரையில் படுத்திருந்தது. அதன் முதுகில் மூன்று புழு. இன்னொன்று கண்ணின் ஓரத்தில், இமை இல்லாத அந்தக் கண்ணின் விளிம்பில், அம்புத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தது. பூச்சிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. விரலை விட்டு அந்தப் புழுவைத் தட்டிவிட்டு, குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார்.

நாய்களுக்குக் கொடுக்கிற குடற்புழு மாத்திரை இந்தப் புழுவுக்கும் கேட்கும் என்று போனில் படித்திருந்தார். அளந்து போட்டால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம். ஆனால் போடுவதற்கு முன்னால் கற்களை எல்லாம் தூக்கி, அடியில் தங்கிய அழுக்கை உறிஞ்சி எடுக்க வேண்டும். மாத்திரை வாங்கி மேஜையில் வைத்தார். அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய பேக்கரியில் ஐந்து நாள் வேலை. அடுப்புகளுக்குப் பின்னால், சுவர் வெடிப்புக்குள், ஓடுகளுக்கு அடியில் எல்லாம் பவுடர் அடிக்க வேண்டும். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வர முடிந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மணிக்கே விட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் வந்துவிடுவாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பூச்சிக்காரர் தொட்டியில் கை வைப்பதாக இருந்தால், முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மச்சான் போட்ட சட்டம். பூச்சிக்காரர் கரப்பானுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு துளி போதும், தண்ணீரில் வாழ்கிற உயிரைக் கொல்ல. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. வந்ததும் துணியை மாற்றினார், குளித்தார், பிறகு மூன்று முறை கழுவினார். கழுவிய கையை மோந்து பார்த்தார். ஐந்து நாளாகப் பவுடரிலேயே ஊறிய கை. சோப்பு வாசனைதான் வந்தது. ஆனாலும் மனது ஒப்பவில்லை. நாளைக்கு மகள் வருகிற நேரத்தில் எதையும் நம்பக் கூடாது என்று தோன்றியது. கீழே போய், வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த டப்பாவிலிருந்து ஒரு ஜோடி புதுக் கையுறை எடுத்து வந்தார். தொழிலில் இருக்கிற எவருக்கும் கை தானாகப் போகிற இடம் அதுதான். ஆபத்தான எதையும் தொடுவதற்கு முன்னால் கையுறை.

அதை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் தொட்டிக்குள் கைவிட்டு வேலை செய்தார். ஒவ்வொரு கல்லாகத் தூக்கினார். அடியில் ஈரச் சாம்பல் மாதிரி அழுக்கு, அதில் நெளிகிற வெள்ளை. குழாய் வைத்து உறிஞ்சினார். செடியைப் பிடுங்கினார். மாப்பிள்ளை குறுக்கே வந்தபோது இரண்டு கையாலும் மெதுவாக ஏந்தி ஓரத்தில் விட்டார். "ஒரு நாள் பொறுத்துக்கோங்க மாப்ள," என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

வேலை முடிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கோப்பை டீ போட்டுக்கொண்டு வந்து தொட்டி எதிரில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த புழுக்கள் உதிர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வது மாதிரி உதிர்ந்து, தரையில் சுருண்டு, நின்றுவிட்டன. மூன்று வாரமாக அவர் உயிரை வாங்கிய கூட்டம் பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. பூச்சிக்காரருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஒழிஞ்சீங்களா," என்றார். என்ன மருந்து, என்ன மருந்து என்று மெச்சிக்கொண்டே டீயை எடுக்கக் கை நீட்டினார்.

கோப்பைக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது. பிரிக்காமல் இருந்தது.

அவர் இன்னும் மருந்தே போடவில்லை.

அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த கையுறையைப் பார்த்தார். எடுத்து விரலால் தேய்த்தார். விரலில் லேசாக, மாவு தொட்ட மாதிரி, வெள்ளை ஒட்டியது. வண்டியில் அந்த டப்பா எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவர் கண்முன் வந்தது. பவுடர் டின்கள் அடுக்கிய தட்டுக்கு நேர் கீழே, வாய் திறந்தபடி. ஐந்து நாளும் அவர் டின்னைத் திறந்து திறந்து மூடியது அதற்கு மேலேதான். வெறும் கையை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வால் நுனி சுருண்டு, சுற்றிக்கொண்டிருந்தது.

வெறும் கையால் அள்ளி, வாளியில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் விட்டார். ஐந்து நிமிஷத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு மாற்றினார். மறுபடியும் மாற்றினார். மாப்பிள்ளை நேராக நிற்க முயன்றது, முடியவில்லை. முன்னங்கால் ஒன்று துடித்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. மணி நாலு. கடையில் மச்சான் இருக்கிற நேரம். பூச்சிக்காரர் போனை எடுத்துப் பெயரையும் தொட்டுவிட்டார். ஒரு ரிங் போவதற்குள் துண்டித்துவிட்டார்.

இதை நல்ல மாதிரி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவர் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு தண்ணீர் மாற்றிப் பார்ப்போம் என்றார். மாற்றினார். இன்னும் கால் மணி நேரம் பார்ப்போம் என்றார். பார்த்தார். வாளிக்குள் அந்தப் பிராணி சுற்றிக்கொண்டே இருந்தது, வாளிக்கு வெளியே இந்த மனிதர் சுற்றிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷ தூரத்தில் உதவி இருந்தது. அந்த உதவிக்கு விலை சனிக்கிழமை. அதைக் கொடுக்க அவருக்கு மனது வரவில்லை. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால், மச்சானுக்கே தெரியாது. ஆனால் கூப்பிடாமல் விட்டவர் இவர்தான், அதை அவரும் அறிவார். ஐந்தே முக்காலுக்குக் கால் துடிப்பதும் நின்றது. வாய் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சரியாகப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பூச்சிக்காரர் ஒரு கதை தயாராக வைத்திருந்தார். வயது, தண்ணீரின் சூடு, கரண்ட் போனது எல்லாம் சேர்த்துக் கட்டிய நல்ல கதை. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார். மாப்பிள்ளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

மகள் உள்ளே வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. காலித் தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கதை நாக்கிலேயே செத்துப்போனது.

"நான்தான்மா கொன்னுட்டேன்," என்றார். "தொட்டியில புழு வந்துச்சு. மூணு வாரமா இருக்கு. உன்கிட்ட மறைச்சேன். நேத்து சுத்தம் பண்றப்ப என் கிளவுஸ்ல மருந்து ஒட்டியிருந்துச்சு. நான் கவனிக்கல. அப்புறம் மாமாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

அவர் வாழ்க்கையில் யாரும் தோண்டாமல் தானாகச் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவர் எழுந்து பக்கத்தில் போனார், தொடலாமா என்று தெரியாமல் நின்றார். அவளே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தை அதில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்பா," என்றாள் சட்டைக்குள்ளிருந்து.

"என்னம்மா தெரியும்?"

"புழு. நீ லைட்டுப் போட்டு வெச்சியே, அன்னிக்கே பாத்துட்டேன். கல்லுக்குக் கீழே நிறைய இருந்துச்சு. அடுத்த வாரம் செவுள்ல ஒண்ணு ஊர்ந்துச்சு. அதையும் பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா மாமா தூக்கிட்டுப் போயிடுவாரு." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் எனக்குச் சனிக்கிழமை டியூஷன்தான்."

பூச்சிக்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு உயிர் விறைத்துக் கிடக்க, மகள் தன்னிடம் வரத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள் என்று இந்த மனிதரின் நெஞ்சு குளிர்ந்துபோனது. பின்னாலேயே பயம் வந்தது. அந்தத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே காரணத்துக்காக அதைச் சாகவிட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது.

அவள் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "அம்மா," என்றாள்.

"குடு, நான் சொல்லிடறேன்," என்றார். நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தார்.

அவள் கொடுக்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அவர் இதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், சாதாரணமாக, கொஞ்சம் அலுப்போடுகூட, பேசினாள்.

"ம், வந்துட்டேன்மா... மாப்பிள்ளையா? நல்லாத்தான் இருக்காரு... ரெண்டு மண்புழு சாப்பிட்டாரு. இப்பதான் தண்ணி மாத்தப் போறோம்... மாமா பக்கத்துல இருக்காரா? போட்டோவா? சரி, அனுப்பறேன். மாமாகிட்ட சொல்லு, தண்ணியெல்லாம் ஜில்லுன்னுதான் இருக்குன்னு."

போனை வைத்தாள். பூச்சிக்காரருக்கு அந்தக் குரல் தெரியும். மூன்று மாதம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து, இன்றைக்கு வேலை ஜாஸ்தி என்று சொன்ன குரல் அது.

மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் மாப்பிள்ளை. நேராக, பக்கவாட்டில், மண்புழுவோடு, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மாமாவிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய பொம்மைப் படம் ஒன்று வந்தது.

"செவுளெல்லாம் முழுசா இருக்கறதா பாத்து எடுத்தேன்," என்றாள். "இன்னும் ஆறு இருக்குப்பா. வாரத்துக்கு ஒண்ணு அனுப்பலாம்."

அந்த இடத்தில் ஒரு அப்பா போனைப் பிடுங்கி, அம்மாவைக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும். எது நியாயம் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை. பூச்சிக்காரர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போனை வாங்கினார். ஒவ்வொரு படமாக விரலால் தள்ளி, கண்ணருகே கொண்டுபோய், தொழில்காரரின் கண்ணோடு ஓரம் மூலை விடாமல் பார்த்தார். நாலாவது படத்தில் நிறுத்தினார்.

"இது வேணாம்," என்றார். "கீழ் மூலையில ஒண்ணு தெரியுது பாரு."

மகள் குனிந்து பார்த்தாள். ஆமாம், தெரிந்தது. அந்தப் படத்தை அழித்தாள்.

"அப்ப அஞ்சு," என்றாள்.